ஒளியும் ஒலியும் தந்த எடிசன்

மாலைப் பொழுது மறைந்து இருள் சூழும் வேளையில் சுவரிலுள்ள விசையை அழுத்துகின்றோம். அறை முழுதும் ஒளி பரவுகின்றது. மற்றொரு விசையை அழுத்துகின்றோம். எங்கோ என்றோ ஒருவர் பாடிய பாட்டு நம் செவியில் வந்து பாய்கின்றது. இவ்விரண்டும் இன்று நமக்கு வியப்பளிப்பன அல்ல. ஆயின், 1876-ஆம் ஆண்டில் உலகப் பேரரசர் எவருடைய மாளிகையிலும் இவ்விரண்டும் காணக் கிடைத்தில. வீட்டினுள் மின்கம்பியைக் கொண்டு வந்து சேர்த்தவருள் தலைசிறந்தவரும், பாடும் பொறியை முதன்முதல் படைத்தவரும் ஒருவரே. அவர்தாம் தாமஸ் ஆல்வா எடிசன். அவருடைய இரு கொடைகளும் ஒரே சிற்றூரில், ஈராண்டு இடைவெளியில் பிறந்தன. ஆயினும், அவை ஒன்றோடொன்று கைகோத்து நிற்க ஐம்பது ஆண்டுகள் சென்றன. அவ்வாறு காலம் தாழ்ந்தது ஏன் என்பதையும் அவருடைய வரலாறே நமக்கு உணர்த்தும்.

இளமை

எடிசன் 1847-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த மிலான் என்னும் ஊரில் பிறந்தார். எழுவர் மக்களுள் அவரே இளையவர். அவருக்கு ஏழு வயது ஆனபொழுது குடும்பத்தார் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹியூரான் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவர் பள்ளியில் பயின்ற காலம் சில திங்களே ஆகும். ஓயாது வினாத் தொடுத்த அச்சிறுவனை ஆசிரியர் அறிவு மழுங்கியவன் என எண்ணினார். அதனை அறிந்த அன்னை நான்சி உள்ளம் நொந்து, மகனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்து தாமே கல்வி கற்பித்தார். அன்னை ஊட்டிய அறிவே அவருக்கு வாழ்நாள் முழுதும் உறுதுணையாயிற்று.

பன்னிரண்டு வயதில் எடிசன் போர்ட் ஹியூரானுக்கும் டெட்ராய்ட் நகருக்கும் இடையே ஓடிய புகைவண்டியில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். அவ்வண்டியிலேயே ஓர் ஓரத்தில் புட்டிகளை அடுக்கி வேதியியல் ஆய்வு நிகழ்த்தினார். சிறு அச்சுப்பொறி ஒன்றை வாங்கி 1862-ஆம் ஆண்டில் செய்தித்தாள் ஒன்றையும் வெளியிட்டார். அக்காலத்திலேயே அவருடைய செவிப்புலன் குன்றத் தொடங்கியது. அதற்குக் காரணம் பலவாறு கூறப்படும். பறவைகளின் ஒலியையும் கேட்க இயலாதவராய் அவர் வளர்ந்தார். அத்தகைய ஒருவரே பின்னாளில் ஒலியைச் சிறைப்பிடித்து உலகுக்கு அளித்தார் என்பது எண்ணுந்தோறும் வியப்பைத் தருவதாகும்.

அதே ஆண்டில் ஒரு நாள், புகைவண்டி நிலைய அதிகாரியின் இளங்குழந்தை இருப்புப்பாதையில் விளையாடிக்கொண்டிருந்தது. பெட்டி ஒன்று அதனை நோக்கி உருண்டு வருவதைக் கண்ட எடிசன், பாய்ந்து சென்று குழந்தையைக் காத்தார். நன்றி மறவாத தந்தை அவருக்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார். மின்சாரம் என்னும் பேராற்றல் அவருக்கு அறிமுகமான வாயில் இதுவே. பல ஊர்களில் தந்தி அனுப்புவோராய்ப் பணி புரிந்த அவர், இரவெல்லாம் விழித்திருந்து மின்னியல் நூல்களைப் பயின்றார்.

1869-ஆம் ஆண்டில் அவர் பெற்ற முதற் காப்புரிமை, சட்டமன்றத்தில் வாக்குகளை விரைந்து பதியும் கருவிக்கு உரியதாகும். கருவி நன்றாகவே இயங்கியது. ஆனால், அத்துணை விரைவைச் சட்டமன்றத்தார் விரும்பவில்லை. மக்களுக்கு வேண்டாத பொருளைப் படைத்துப் பயனில்லை என்பதை எடிசன் அன்று அறிந்துகொண்டார். பின்னர் நியூயார்க் நகரை அடைந்து, பங்குகளின் விலையை அறிவிக்கும் தந்திப் பொறியைத் திருத்தி அமைத்துப் பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு தொழிற்கூடங்கள் நிறுவினார். 1876-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்து மென்லோ பார்க் என்னும் சிற்றூரில் பெரியதோர் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார்.

பேசிய உருளை

கிரகாம் பெல் அமைத்த தொலைபேசி அப்பொழுது புதிதாகத் தோன்றியிருந்தது. அதில் குரல் மிக மெலிந்து கேட்டது. எடிசன் 1877-ஆம் ஆண்டில் கரித்துண்டைப் பயன்படுத்திப் பேசும் பகுதியைத் திருத்தினார். குரல் தெளிவாகத் தொலைவு சென்றது. ஒலியை மின்னோட்டத்தில் ஏற்றி அனுப்பும் நுட்பத்தை அவர் அன்றே நன்கு அறிந்திருந்தார் என்பதை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

அவ்வாண்டின் இறுதியில் அவர் புதியதொரு பொறியின் படத்தை வரைந்து, ஜான் குரூசி என்னும் கைவினைஞரிடம் கொடுத்தார். பித்தளை உருளை ஒன்று. அதன்மேல் திருகு வடிவில் ஓடும் பள்ளம். உருளையைச் சுற்றி ஈயத்தாள் போன்ற மெல்லிய வெள்ளீயத் தகடு. ஒலி பட்டால் நடுங்கும் மென்தகட்டில் பொருத்திய ஊசி. உருளையைச் சுழற்றுதற்குக் கைப்பிடி. இவையே அப்பொறியின் உறுப்புகள். எடிசன் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே ஆட்டுக்குட்டியைப் பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்றை உரக்கச் சொன்னார். பின்னர் ஊசியைத் தொடக்கத்தில் வைத்து மீண்டும் சுழற்றவே, அவர் சொன்ன சொற்களை உருளை திருப்பிச் சொல்லியது. சூழ நின்றோர் திகைத்தனர். 1878-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. போனோகிராப் எனப் பெயர் பெற்ற அப்பொறியில் மின்சாரத்திற்கு இடமே இல்லை. குரலின் அதிர்வே ஊசியை அசைத்தது. ஊசியின் அசைவே குரலை எழுப்பியது.

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வழி

1878-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எடிசன் தம் கருத்தை மின்விளக்கின்பால் செலுத்தினார். அந்நாளில் கரிமுனைகளுக்கிடையே சுடர்விடும் மின்விளக்குகள் தெருக்களில் எரிந்தன. அவை கண்ணைக் கூசச் செய்யும் பேரொளி உடையன, வீட்டுக்கு ஒவ்வாதன. மேலும், அவை பூமாலையில் பூக்களைப் போல ஒரே கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. அவ்வாறு கோத்தால், ஒரு விளக்கின் வழி அறுந்த அளவில் வரிசை முழுதும் இருண்டுவிடும். அதைத் தடுக்கத் தனிக்கருவிகள் வேண்டும். வீட்டில் வாழ்வோர் ஒருவர் தம் அறையின் விளக்கை அணைத்தால் அண்டை அறையின் விளக்கு அணையலாகாது அன்றோ? ஆதலின், ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரம் வந்து மீளத் தனித்தனி வழி அமைதல் வேண்டும் என்று எடிசன் துணிந்தார். இதனை இக்காலத்தார் பக்க இணைப்பு என்பர்.

இம்முறையில் ஓர் இடர் இருந்தது. விளக்குகள் பெருகப் பெருக, மூலக் கம்பியில் ஓடும் மின்னோட்டமும் பெருகும்; அதனைத் தாங்கத் தடித்த தாமிரக் கம்பிகள் வேண்டும்; தாமிரமோ விலை மிக்கது. எடிசனும், அவருடன் பணிபுரிந்த கணித அறிஞர் பிரான்சிஸ் அப்டனும் கணக்கிட்டுப் பார்த்தனர். விளக்கின் இழை மெல்லியதாய், மின்தடை மிக்கதாய் இருப்பின், சிறிதளவு மின்னோட்டமே போதும். கம்பியும் மெலிந்ததாய் இருக்கலாம் எனக் கண்டனர். பலர் விளக்கை மட்டும் தேடினர். எடிசனோ கம்பியின் விலையிலிருந்து கணக்கிட்டு, விளக்கு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை வரையறுத்தார். இங்கிலாந்தில் ஜோசப் சுவான் என்பாரும் அக்காலத்திலேயே கரியிழை விளக்கை எரித்துக் காட்டியவர் ஆவார். விளக்கு மட்டுமன்றி, மின்னாக்கி, கம்பி, அளவி, விசை ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஒரு முறையாக அமைத்ததே எடிசனின் தனிப்பெருமை.

1879-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கரியாக்கிய பருத்தி நூலை இழையாகக் கொண்ட விளக்கு 12 மணி நேரத்துக்கும் மேலாக எரிந்தது. அவ்வாண்டின் இறுதி நாளில் மென்லோ பார்க்கில் விளக்குகள் ஏற்றப்பட்டன. மக்கள் புகைவண்டிகளில் திரண்டு வந்து கண்டு களித்தனர். அடுத்த ஆண்டில் மூங்கில் இழை அந்நூலினும் நெடுங்காலம் எரிந்தது.

கடைமடைக்குத் தனி வாய்க்கால்

விளக்கு கிடைத்தபின் மற்றுமொரு தடை எழுந்தது. மின்னாக்கியிலிருந்து புறப்படும் நீண்ட கம்பியில் வழியெங்கும் விளக்குகளை இணைத்தால், அருகிலுள்ளவை ஒளிர்ந்தன, தொலைவிலுள்ளவை மங்கின. உழவர் இதனை எளிதில் உணர்வர். ஒரே வாய்க்காலில் வழிநெடுக மடைகளைத் திறந்துவிட்டால், தலைமடை வயல் நிறையும். கடைமடை வயல் காயும். அதுபோலவே, கம்பியின் தடையால் மின்னழுத்தம் வழியில் சிறிது சிறிதாகக் குறைந்துவிடுகின்றது.

1880-ஆம் ஆண்டில் எடிசன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். மின்னாக்கியிலிருந்து தொலைவிலுள்ள பகுதிக்கு நேரே ஒரு தனிக்கம்பியைச் செலுத்தினார். வழியில் எந்த விளக்கையும் அதில் இணைக்கவில்லை. அக்கம்பி சென்று சேரும் இடத்திலிருந்து சுற்றுப்புறத்து வீடுகளுக்குக் கிளைகள் பிரிந்தன. ஏரியிலிருந்து கடைமடைக்கே தனி வாய்க்கால் வெட்டி, இடையில் மடை திறவாது காத்தது போன்றது இது. இதனால் எல்லா வீடுகளிலும் விளக்குகள் ஏறத்தாழ ஒரே வகையாக எரிந்தன. தாமிரச் செலவும் பெரிதும் குறைந்தது. அவ்வாண்டிலேயே, அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயுங்கால் தான் உருகி அறுந்து வீட்டைத் தீயினின்று காக்கும் மெல்லிய கம்பிக்கும் அவர் காப்புரிமை பெற்றார். இன்று உருகி என நாம் வழங்குவது அதுவே.

1882-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் அவர் நிறுவிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கம்பிகள் தெருவின் அடியில் குழாய்களுக்குள் புதைக்கப்பட்டிருந்தன. மின்னழுத்தம் 110 வோல்ட்டு அளவினது. அன்று மாலை ஏறத்தாழ 400 விளக்குகள் ஒளிர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் அவை 10,000 என்னும் அளவை எட்டின.

இன்றைய வீட்டின் மின்பலகையைக் காண்போர் எடிசனின் கருத்தையே அங்கும் காண்பர். விளக்குகளுக்கு ஒரு சுற்று. சமையலறைக்கு ஒரு சுற்று. மிகுந்த மின்சாரம் கொள்ளும் கருவிக்குத் தனிச்சுற்று. இசையை நுட்பமாகக் கேட்க விழைவோர், தம் ஒலிபெருக்கிக் கருவிக்கென மின்பலகையிலிருந்தே தனிக்கம்பி அமைத்துக்கொள்வதும் உண்டு. குளிர்பதனப் பெட்டியின் பொறி இயங்கத் தொடங்கும் அந்நொடியில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அதே கம்பியில் இணைந்த விளக்கு ஒருகணம் மங்கும். பாட்டினிடையே சிறு வெடிப்பொலி கேட்பதும் உண்டு. தனிச்சுற்று இருப்பின், அக்கம்பியில் நிகழும் அழுத்தக்குறைவு இசைக்கருவியைத் தாக்காது. எனினும், தெருவிலிருந்தே கலந்து வரும் குறையை அது நீக்காது. இரைச்சலைப் போக்கக் கருதி நிலத்தொடர்புக் கம்பியைத் துண்டிப்பது உயிருக்கு இறுதி விளைக்கும். இவ்வேலைகள் யாவும் தகுதிச் சான்று பெற்ற தொழிலாளரே செய்தற்குரியன.

பிறர் வழியை மறுத்தமை

இத்துணைப் பெருமை வாய்ந்த எடிசனிடத்தும் ஒரு குறை இருந்தது. வரலாறு கூறுவோர் அதனை மறைத்தல் முறையன்று. அவருடைய மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. அதனை ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்கு மேல் அனுப்பினால் இழப்பு மிகுந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பார் 1886-ஆம் ஆண்டு முதல் திசைமாறும் மின்சாரத்தைப் பரப்பலானார். மின்மாற்றியால் அதன் அழுத்தத்தை உயர்த்தி நெடுந்தொலைவு அனுப்பவும், வீட்டருகே குறைத்துத் தரவும் இயலும். எடிசன் இதனை ஏற்கவில்லை. உயர் அழுத்தம் உயிருக்கு இடர் செய்யும் என்று அவர் அஞ்சியதில் உண்மை இருந்தது. ஆயினும், அவ்வச்சத்தோடு வாணிகப் பகையும் கலந்தது. 1888-ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் செய்தியாளர் முன்னிலையில் வாயில்லாப் பிராணிகள் அம்மின்சாரத்தால் கொல்லப்பட்டன. அவருடைய வரலாற்றில் நாம் வருந்திப் படிக்க வேண்டிய பகுதி இதுவாகும். 1893-ஆம் ஆண்டு சிக்காகோ கண்காட்சியில் ஒளி தந்தது திசைமாறும் மின்சாரமே. 1896-ஆம் ஆண்டில் நயாகரா அருவியின் ஆற்றலைப் பபலோ நகருக்குச் சுமந்து சென்றதும் அதுவே.

பாடும் பொறியிலும் இத்தகைய நிலையே நேர்ந்தது. 1887-ஆம் ஆண்டில் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் புதிய ஆய்வுக்கூடம் அமைத்த எடிசன், அப்பொறியை மெழுகு உருளையாலும், பின்னர் வைர ஊசியால் இயங்கும் தட்டாலும் மேன்மேலும் திருத்தினார். செவி மந்தமாகிய நிலையில், பொறியின் மரப்பகுதியைப் பற்களால் கவ்வி, எலும்பின் வழியே அதிர்வை உணர்ந்து அவர் இசையை ஆராய்ந்தார். எந்தப் பாடகர் பாடல் வேண்டும், எந்தப் பாட்டு விற்பனைக்கு ஏற்றது என்பவற்றையும் தாமே முடிவு செய்தார். 1915-ஆம் ஆண்டு முதல் பாடகரையும் பொறியையும் ஒரே மேடையில் நிறுத்தி, வேறுபாடு அறிய இயலுமோ என அவையோரைச் சோதித்தனர் அவருடைய நிறுவனத்தார்.

அப்பொறி ஒலியைப் பதிய மின்சாரத்தின் துணையை நாடவில்லை. பாடுவோர் பெரிய ஊதுகுழலின் வாயருகே நெருங்கி நின்று பாடினர். மெல்லிய ஒலிகளும் ஆழ்ந்த ஒலிகளும் அதில் நன்கு பதியவில்லை. 1925-ஆம் ஆண்டில் பிற நிறுவனத்தார் ஒலிவாங்கியையும் மின்பெருக்கியையும் கொண்டு இசைத்தட்டுகளைப் பதிந்தனர். குரலை மின்னோட்டத்தில் ஏற்றும் நுட்பத்தை 1877-ஆம் ஆண்டிலேயே கையாண்ட எடிசன், அதனைத் தம் இசைப்பொறியோடு இணைக்கத் தயங்கினார். அவருடைய நிறுவனம் அம்முறையை மேற்கொண்டது 1927-ஆம் ஆண்டில்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரே வீட்டின் சுவரில் அவர் தந்த மின்கம்பியும், அதே வீட்டின் மேசைமேல் அவர் தந்த பாடும் பொறியும் இருந்தன. அவ்விரண்டையும் இணைத்து வைத்த பெருமை பிறருக்குச் சென்றது.

இறுதி நாள்கள்

1929-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் டியர்பார்ன் என்னும் ஊரில் மின்விளக்கின் பொன்விழா நிகழ்ந்தது. குடியரசுத் தலைவர் ஹூவரும், ஹென்றி போர்டும், மேரி கியூரி அம்மையாரும் அதில் கலந்துகொண்டனர். எண்பத்திரண்டு வயது நிரம்பிய எடிசன் பழைய விளக்கை ஏற்றும் செயலை மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். அதே அக்டோபர்த் திங்களில் அவருடைய நிறுவனம் இசைத்தட்டுத் தொழிலைக் கைவிட்டது. ஒரு கொடைக்குப் பொன்விழா. மற்றொரு கொடைக்குக் கதவடைப்பு. இரண்டையும் ஒரே திங்களில் அம்முதியவர் கண்டார்.

1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18-ஆம் நாள் எடிசன் உயிர் நீத்தார். அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமைகள் 1,093 ஆகும். அவருக்கு மரியாதை செய்யும் பொருட்டு நாடு முழுவதும் மின்சாரத்தை ஒரு நிமிடம் நிறுத்தலாம் என்று சிலர் கருதினர். ஆனால், மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் அதனையே நம்பியிருந்தமையால் அது கூடாததாயிற்று. ஆதலின், மக்கள் தம் வீட்டு விளக்குகளைத் தாமே ஒரு நிமிடம் அணைத்து அஞ்சலி செலுத்தினர். ஒவ்வொரு வீட்டாரும் தம் விளக்கை மட்டும் அணைக்க முடிந்தது எதனால்? ஒவ்வொரு விளக்குக்கும் தனி வழி வேண்டும் என்று அவர் அன்று துணிந்ததனால் அன்றோ!

மாணவர்களே, எடிசனின் அயரா உழைப்பை நீங்கள் போற்றிக் கைக்கொள்ளுங்கள். ஒருவருக்கு உரிய பங்கு மற்றொருவரின் தேவையால் குறையாதவாறு வழி அமைத்த அவருடைய அறிவையும் எண்ணிப் பாருங்கள். கூடவே, தாம் வெட்டிய வாய்க்காலே நீர் செல்லுதற்கு உரிய ஒரே வழி என்று கருதிய இடத்தில், அத்தகைய பேரறிஞரும் பின்தங்க நேர்ந்ததை மறவாதீர்கள். நம் வழியில் உறுதியாக நடத்தல் வேண்டும். பிறர் கண்ட நல்வழியை வரவேற்கும் உள்ளமும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தோர், ஒளியோடு ஒலியும் சேர்ந்தாற்போல உலகுக்கு முழுப்பயன் அளிப்பர்.